நாலு சீசன் அறை

ஸ்காபரோவில் வீடு பார்க்கப் போகும் தமிழர்கள் ஏஜென்டிடம் கேட்கும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. பேஸ்மென்டுக்குத் தனி வாசல் இருக்கிறதா? பள்ளிக்கூடம் நல்லதா? பஸ் எவ்வளவு தூரம்? வாசல் எந்தத் திசை பார்த்தது? சன்ரூம் உண்டா என்று எவரும் கேட்டு நான் கண்டதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் வீடு வாங்கியபோது நாங்களும் கேட்கவில்லை. பேஸ்மென்ட், குசினி, குளியலறை எல்லாம் காட்டி முடித்த ஏஜென்ட் போகிற போக்கில் பின்கதவைத் திறந்து, "இது போனஸ்" என்றார்.

மூன்று பக்கமும் கண்ணாடி. கூரையும் கண்ணாடி. அலுமினியச் சட்டம். கீழே மரத் தூண்களில் நிற்கும் ஒரு டெக். கட்டியவர் வீட்டை விற்ற இத்தாலியக் கிழவர். போருக்குப் பிறகு கப்பலில் வந்திறங்கி, ரொறன்ரோவின் தெருத் தெருவாகச் செங்கல் வைத்த தலைமுறை. அந்த அறையில் அவர் ஒரு கதிரைகூடப் போட்டிருக்கவில்லை. பெரிய தொட்டிகளில் அத்தி மரங்கள் இலையில்லாமல் நின்றன. அறை அவற்றுக்காகத்தான் என்றார். அத்திக்குக் குளிர்கால உறக்கம் தேவை. அதற்குக் குளிர் வேண்டும், ஆனால் கொல்லுகிற குளிர் ஆகாது. வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும் சூடில்லாத கண்ணாடிக் கூண்டு அதற்குப் போதும்.

எங்களுக்கு மனம் கேட்கவில்லை. மரத்துக்கு ஒரு அறை இருக்கிறது, மனிதருக்கு இல்லையா? கிழவரின் வான் அத்தி மரங்களோடு தெருமுனை திரும்ப முன்னமே மனைவி பிரம்புக் கதிரைகளுக்கு இடம் குறித்துவிட்டார்.

மாமி மட்டும் வாசற்படியில் நின்று மேலே பார்த்தார். "வெயிலுக்குள்ள இருக்க ஒரு அறையோ தம்பி? ஊரில வெயிலுக்குள்ள நெல்லுத்தான் காயப்போடுறது. ஆக்கள் விறாந்தையில இருக்கிறது."

அவரைக் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவரின் முழுச் சாமர்த்தியமும் வெயிலை வெளியே நிறுத்துவதில்தான் இருந்தது. கூரையை இறக்கி இறக்கித் தாழ்வாரம் இழுப்பார்கள். நெடுத்த மனிதர் குனிந்துதான் உள்ளே வரவேண்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து புறப்பட்டு வந்து, வெயில் வருவதற்கென்றே கட்டிய அறைக்கு மாதாமாதம் மோர்ட்கேஜ் கட்டத் தொடங்கினோம். அதை முன்னேற்றம் என்று ஊருக்குக் கடிதமும் எழுதினோம்.

கண்ணாடி அறைக்குப் பெரிய பரம்பரை உண்டு. உரோமப் பேரரசர் திபேரியசுக்கு நாள் தவறாமல் வெள்ளரிக்காய் வேண்டியிருந்ததாம். தோட்டக்காரர்கள் சக்கரம் பூட்டிய பாத்திகளை வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போய், குளிர்நாட்களில் ஒளி ஊடுருவும் கல் பதித்த மூடிகளின் கீழ் வைத்துக் காத்ததாக மூத்த பிளினி எழுதிவைத்திருக்கிறார். பிறகு ஐரோப்பிய அரச மாளிகைகள் தோடை மரங்களுக்குத் தனி மண்டபம் கட்டின. இங்கிலாந்து 1696இலிருந்து யன்னலுக்கு வரி வாங்கியது. கண்ணாடிக்கும் தனி வரி. கண்ணாடி வரி 1845இல் ஒழிந்தது, யன்னல் வரி 1851இல் ஒழிந்தது. அதே 1851இல், கண்ணாடித் தோட்டவீடுகள் கட்டிப் பழகிய ஜோசப் பக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் லண்டன் ஹைட் பார்க்கில் இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு மாளிகை எழுப்பி உலகத்தை வாய்பிளக்க வைத்தார். எங்கள் ரொறன்ரோவிலும் அலன் கார்டன்ஸில் 1910இல் கட்டிய கண்ணாடிப் பனைமண்டபம் இன்னும் நிற்கிறது. இந்த வம்சாவளியில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளே இருந்தவை வெள்ளரி, தோடை, பனை. மனிதர் அவற்றைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.

நாங்கள் திரும்பிப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

அந்த அறைக்கென்று ஒரு வருடச் சுழற்சி இருந்தது. ஏப்ரலில் அது நாற்றுமேடை. கத்தரி, மிளகாய், பாவல் எல்லாம் தயிர்க் கோப்பைகளில் முளைத்து யன்னலோரம் வரிசையாக நிற்கும். விக்டோரியா தினத்துக்கு முன் நிலத்தில் நடக்கூடாது என்பது இங்கத்தைத் தோட்டக்காரரின் வேதவாக்கு. மே கடைசியில்தான் உறைபனி ஆபத்து நீங்கும். அதுவரை நாற்றுகள் கண்ணாடிக்குள் வளரும்.

ஜூலையில் அது அடுப்பு. வெளியே முப்பது என்றால் உள்ளே வெப்பமானி நாற்பதைத் தாண்டி ஏறும். மனிதர் நுழைய முடியாது. அப்போதுதான் மாமி அறையோடு சமாதானமானார். உழுத்தம் வடகமும் வேப்பம்பூ வடகமும் மோர்மிளகாயும் பிரம்புக் கதிரைகளில் ஏறி உட்கார்ந்தன. காகம் இல்லை, ஆடு இல்லை, மழை வந்தால் ஓடவேண்டிய அவசியம் இல்லை. "அருமையான அறை" என்று மாமி வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். கனடா வந்தபிறகு அவர் மனதாரப் பாராட்டிய முதற் பொருள் அதுதான்.

செப்டம்பரும் ஒக்டோபரும் மனிதருடைய முறை. மேப்பிள் சிவக்கும். வடகம் போத்தல்களுக்குள் போக, கதிரைகள் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். சனி, ஞாயிறுகளில் நண்பர்கள் வருவார்கள். தேத்தண்ணி வரும், பருத்தித்துறை வடை வரும், ஊர் அரசியல் வரும். வெயில் சாய்ந்து, கை விறைத்து, ஒவ்வொருவராகக் கோட் போட்டுக்கொள்ளும் வரை விவாதம் போகும். அந்தக் காலம் சில கிழமைகளுக்கு மேல் நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் தவறாமல் வந்தார்கள்.

நவம்பரிலிருந்து அது குளிர்ப்பெட்டி. பிறந்தநாள், நத்தார், புதுவருடம் என்று வீட்டில் கூட்டம் சேரும்போது ஆட்டிறைச்சிக் கறிச் சட்டி, சொதிப் பானை, அரைத்த தோசைமா எல்லாம் அந்த அறைக்குப் போகும். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து, மரங்கள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்து, ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனபோது, வீட்டுக் குளிர்ப்பெட்டி செத்துவிட்டது. சன்ரூம் வேலை செய்தது.

மற்றப்படி கதவு சாத்தியிருக்கும். அடியில் ஒரு பழைய சேலை சுருட்டி வைத்திருக்கும். ஹைட்ரோ பில்லில், அதாவது மின்சாரக் கட்டணத்தில், அந்த அறையின் பங்கு பூச்சியம். வெயிலில் காயும், குளிரில் காக்கும், ஒரு வாட்கூட எடுக்காது. அப்போது அதைப் பசுமை என்றோ நீடித்த வாழ்வு என்றோ யாரும் சொல்லவில்லை. "கதவைச் சாத்து, குளிர் வருகுது" என்றுதான் சொன்னார்கள்.

எங்களைக் கெடுத்தது பெப்ரவரி வெயில். ரொறன்ரோவில் டிசம்பர் மூடிக்கிடக்கும். பெரிய ஏரிகளிலிருந்து எழும் முகில் நாள்கணக்காக விலகாது. ஆனால் பெப்ரவரியில் வானம் துலங்கும் நாட்கள் வரும். வெளியே மைனஸ் பத்து. மரத்தில் பனி. கண்ணாடிக்குள் மத்தியானம் இருபத்தைந்து! கையில்லாத சேட்டோடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்னலாம். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளே சூடான பொருட்கள் வீசும் வெப்பத்தை அவ்வளவு இலேசில் வெளியே விடாது; அந்த நியாயம் மத்தியானம் வரை செல்லும். பின்னேரம் சூரியன் போனதும் அறை தன் சேமிப்பு முழுவதையும் ஒரு மணித்தியாலத்துக்குள் வானத்துக்குக் கொடுத்துவிடும். இரவில் கண்ணாடியின் உட்புறத்தில் உறைபனி பூப்பூவாகப் படரும்.

அந்த மத்தியானத்தை இரவுக்கும் நீட்டினால் என்ன என்று வீட்டில் யார் முதலில் கேட்டது என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. 1500 வாட் ஹீட்டர் ஒன்று வந்தது. அது போதாமல் இன்னொன்று வந்தது. ஒன்ராறியோவில் இரவு ஏழு மணிக்குப் பிறகு மின்சாரம் மலிவு. ஆகவே ஏழிலிருந்து பதினொன்று வரை இரண்டும் எரியும். கணக்குப் பார்த்தால் ஒரு மாலைக்குப் பன்னிரண்டு யூனிட். இந்தக் காலத்துக் குளிர்ப்பெட்டி ஒன்றை அதில் ஒரு கிழமைக்கு மேல் ஓட்டலாம். மூச்சும் தேத்தண்ணி ஆவியும் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிச் சொட்டின. மூலைகளில் கருப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. பிரம்புக் கதிரைகள் ஈரத்தில் நாறின. ஆனாலும் நாங்கள் பனி பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம்.

2020இல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்குள் தள்ளியபோது அறைக்குப் போட்டி வந்தது. மகள் கம்பளியைப் போர்த்துக்கொண்டு சன்ரூமில் இருந்து ஒபிஸ் வேலை பார்த்தாள். அவள் படித்தது சுற்றுச்சூழல். பகலில் திரையில் யாருக்கோ கரியமிலக் கணக்குச் சொல்வாள், காலடியில் இரண்டு ஹீட்டர் சிவந்திருக்கும். ஒருநாள் ஹைட்ரோ பில் அவள் கையில் அகப்பட்டது.

"அப்பா, நீங்கள் அறையைச் சூடாக்கேல்லை. வானத்தைச் சூடாக்கிறீங்கள்."

சரியான கணக்கு. வெப்பத்தைத் தடுக்கும் வல்லமைக்கு இங்கே ஆர் என்று ஓர் அளவு உண்டு. எண் கூடக்கூட வெப்பம் தங்கும். ஒற்றைக் கண்ணாடிக்கு ஏறத்தாழ ஆர் 1. ஒன்ராறியோவில் இன்று புதிதாகக் கட்டும் சுவருக்குக் கேட்பது ஆர் 22 அளவு. அதாவது ஒரே பரப்பில், அந்தச் சுவர் இழப்பதைப்போல இருபது மடங்குக்கு மேல் எங்கள் கண்ணாடி இழந்துகொண்டிருந்தது. கூரைக் கண்ணாடி இரவு வானத்தை நேரே பார்த்துக்கொண்டு இன்னும் தாராளமாகக் கொடுத்தது.

2021இல் மத்திய அரசு வீடுகளைப் பசுமையாக்கும் மானியம் ஒன்றை அறிவித்தது. ஐயாயிரம் டொலர் வரை தருவார்கள், முதலில் எரிசக்தி ஆலோசகர் ஒருவர் வந்து வீட்டைச் சோதிக்கவேண்டும். வந்தார். முன்வாசலில் துணித்திரை கட்டி அதில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்தார். உள்ளே அழுத்தம் குறைய, ஒவ்வோர் ஓட்டையும் தானாகத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. மேல்கூரைக்கு ஏறும் மூடியால் காற்று வந்தது. சன்ரூம் கதவடியில் சுருட்டி வைத்த சேலை படபடத்தது.

அவருடைய ஆலோசனை சுருக்கமாக இருந்தது. மேல்கூரைக்குள் இன்சுலேசனை நிரப்புங்கள். ஓட்டைகளை அடையுங்கள். சன்ரூம் கதவுக்கு நல்ல ரப்பர் பட்டி ஒட்டிச் சாத்திவிடுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை அதை மறந்துவிடுங்கள். மேல்கூரைக்கு அரசாங்கம் காசு தரும். காற்று அடைக்கவும் தரும். புது அறை கட்டத் தராது.

எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினோம். மேல்கூரை வேலை ஒழுங்காக நடந்தது. ரப்பர் பட்டியும் வாங்கினோம். அது இன்னும் பொதி பிரிக்காமல் லாச்சிக்குள் இருக்கிறது. கதவைச் சாத்துவது ஒரு தீர்வு என்று ஏற்றுக்கொள்ள எங்களில் எவரும் தயாராக இல்லை. மகளுக்கு நீடித்து நிலைக்கும் வாழிடம் வேண்டும். மனைவிக்கு வருசம் முழுக்க இருக்கக்கூடிய அறை வேண்டும். எனக்குப் பெப்ரவரி மத்தியானம் வேண்டும். மூன்றும் ஒன்றுதான் என்று ஒரு கொன்றாக்டர் தம்பி வந்து உறுதி சொன்னார்.

அவர் டெக்கின் கீழ் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணை, உதைத் திருத்தேலாது. உது மூண்டு சீசன் சாமான். நாலு சீசனுக்கு அடியிலயிருந்து வேற மாதிரிப் போகவேணும்."

இந்த நகரத்தில் நிலம் ஆழமாக உறையும். மண்ணிலுள்ள நீர் பனிக்கட்டியாகி விரியும்போது மேலே நிற்பதையெல்லாம் தூக்கும். அதனால் அத்திவாரம் நாலு அடி இறங்கவேண்டும். எங்கள் டெக்கின் தூண்கள் சீமெந்துக் கல்லில் சும்மா குந்தியிருந்தன. பெப்ரவரியில் அந்தக் கதவு ஏன் ஒவ்வொரு வருசமும் இறுகியது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. சூடாக்கி வீட்டோடு சேர்க்கும் அறை சட்டத்தின் கண்ணில் வீட்டின் விரிவு: வரைபடம் வேண்டும், பெர்மிட் வேண்டும், பிறகு வீட்டு வரியும் ஏறும்.

மகள் கொங்கிரீட் வேண்டாம் என்றாள். சீமெந்து செய்வதில் வெளியேறும் கரியமில வாயு அதிகம். பெரிய திருகாணிகளை மண்ணுக்குள் முறுக்கி இறக்கும் முறைக்கு அத்திவாரம் மாறியது. நுரை இன்சுலேசன் வேண்டாம் என்றாள். பழைய பத்திரிகைத் தாளை அரைத்துப் பூச்சி பிடிக்காமல் போரேட் சேர்த்துச் செய்யும் செலுலோஸ் வந்தது. ஸ்காபரோத் தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாக அடுக்கிக் கிடக்கும் வாரப் பத்திரிகைகளும் அதற்குள் கலந்திருக்கும் என்று நம்ப எனக்கு விருப்பம். இத்தனை வருடத் தலையங்கங்கள் சமூகத்துக்குக் கொஞ்சமாவது சூடு தந்தன என்று சொல்லலாமே.

பிறகு கண்ணாடிப் பேச்சு வந்தது. அங்கேதான் எங்கள் சன்ரூம் துண்டு துண்டாகக் கரைந்தது. கண்ணாடிக் கூரை முதலில் போனது. அதற்குப் பதில் ஆர் 31 அளவில் மூடிய கூரை. கோடையில் வெப்பம் தாங்க முடியாமல் போவது பின்னேரம் தாழ்ந்து வரும் மேற்கு வெயிலால். ஆகவே மேற்குப் பக்கம் முழுச் சுவர். கிழக்கில் ஒரு சின்ன யன்னல். தெற்குப் பக்கம் மட்டும் கண்ணாடி, அதுவும் மூன்று அடுக்கு, நடுவில் ஆர்கன் வாயு, கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு. அவ்வளவு செய்தும் அது ஆர் 5 அளவுக்குத்தான் வரும். எங்கள் பழைய வீட்டின் மெலிந்த சுவர்கூட அதைவிட மேல். எவ்வளவு காசு கொட்டி வாங்கிய யன்னலும் மலிவான சுவரிடம் தோற்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, விலைப்பட்டியலில் எழுதாத உண்மை.

தெற்கு யன்னலுக்கு மேல் ஒரு தாழ்வாரம். ரொறன்ரோவில் ஜூன் மாத உச்சிவெயில் கிட்டத்தட்ட 70 பாகையில் நிற்கும், டிசம்பரில் 23 பாகைக்கு இறங்கிவிடும். தாழ்வாரத்தை அளவாக இழுத்தால் கோடைச் சூரியன் வெளியே நிற்கும், குளிர்காலச் சூரியன் குனிந்து உள்ளே வரும்.

வரைபடத்தை மாமிக்கு விரித்துக் காட்டினோம். தொண்ணூறை நெருங்கும் வயதிலும் கண் கூர்மை. சுவர், கூரை, சின்ன யன்னல், தாழ்வாரம் என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"சுவர் வைச்சு, கூரை மூடி, தாவாரமும் இறக்கினா இது வீடுதானே தம்பி? கண்ணாடி அறை எங்கை?"

கொன்றாக்டர் கொஞ்சம் யோசித்தார். "ஓம் அம்மா. ஆனா நாலு சீசன்."

மகள் எங்களைத் தேற்ற ஒரு கதை சொன்னாள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வெயிலைப் பிடித்து வீட்டைச் சூடாக்குவது பெரிய நாகரிகமாக இருந்ததாம். கண்ணாடிச் சரிவுகளும் கறுத்தத் தண்ணீர்த் தொட்டிகளுமாகப் பலர் வீடு கட்டினார்கள். 1977இல் சஸ்காச்சுவானின் றெஜைனா நகரில் சில ஆராய்ச்சியாளர்கள் அதற்குத் தலைகீழாக ஒன்று செய்தார்கள். தடித்த சுவர், காற்றுப் புகாத கட்டு, அளவான யன்னல், வெளியேறும் பழைய காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதுக் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி. மைனஸ் முப்பது சாதாரணமான ஊரில் அந்த வீட்டுக்கு ஃபர்னஸ் இல்லை. அதன் கூரையிலிருந்த விலைகூடிய சூரியத் தகடுகள் கரைச்சல் கொடுத்துப் பிறகு கழற்றப்பட்டன. சுவர் எந்தக் கரைச்சலும் கொடுக்கவில்லை. கனடா அதைப் பாராட்டிவிட்டு மறந்தது. ஜேர்மனியில் வூல்ஃப்காங் ஃபைஸ்ட் மறக்கவில்லை. அந்த அனுபவத்தையும் எடுத்துக்கொண்டு 1991இல் டார்ம்ஸ்டாட்டில் முதலாவது பாஸிவ் ஹவுஸை நிறைவு செய்தார். இப்போது கனடாக்காரர் அந்த ஜேர்மன் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்கிறார்கள்.

"அப்ப எங்களுக்கு வேணுமெண்டது வெயில் இல்லை, சுவர்" என்றேன். "ஓம் அப்பா" என்றாள். அறையின் பெயரை மாற்ற மட்டும் யாரும் சம்மதிக்கவில்லை. பெர்மிட் தாளில் அது விரிவு. வீட்டில் அது இன்னும் சன்ரூம்.

இடித்த அன்று பழைய கண்ணாடிகளைக் குப்பைத் தொட்டியில் போடவிருந்தார்கள். மனைவி வெளியே ஓடிப்போய் மறித்தார். காசு கொடுத்து வாங்கிய சாமான் எதையும் எங்கள் வீட்டில் சும்மா எறிவதில்லை. அலுமினியச் சட்டத்தோடு அவை கராஜுக்குப் பின்னால் சாய்ந்து நின்றன.

புதிய யன்னல் வந்து, கண்ணாடி பளிங்காகத் துடைத்து முடிந்ததும், மகள் வெளிப்புறத்தில் புள்ளிப் புள்ளியாக ஒரு படலம் ஒட்டத் தொடங்கினாள். கண்ணாடியில் தெரியும் வானத்தை வானம் என்று நம்பிப் பறவைகள் மோதிச் சாகின்றன. ரொறன்ரோவில் 1993இலிருந்து அதற்கென்றே ஃப்ளாப் என்ற அமைப்பு இயங்குகிறது. ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி இருந்தால் பறவை விலகிப்போகும். மாமி பார்த்துக்கொண்டே இருந்தார். பழைய கண்ணாடி அழுக்காக இருந்த காலத்தில் ஒரு குருவியும் மோதவில்லை என்று மட்டும் சொன்னார்.

அறை அருமையாக இருக்கிறது. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. சுவரில் மாட்டிய ஹீட் பம்ப் வெளிக் குளிரிலிருந்தே வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது. மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம், கடுங்குளிரில் அது குறையும். ஒன்ராறியோ 2014இல் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்திவிட்டது. இங்கே மின்சாரத்தில் பெரும்பகுதி அணுவிலிருந்தும் நயாகரா போன்ற நீரிலிருந்தும் வருகிறது. மைனஸ் இருபது இரவில், சொட்டாத கண்ணாடிக்குப் பின்னால், வெறுங்காலோடு உட்காரலாம். வெப்பமானி 21இல் நிற்கும். ஜூலையிலும் 21இல் நிற்கும்.

அறை நல்லதானால் ரீவி வரும். வந்தது. தெற்கு வெயில் திரையில் பட்டுப் படம் தெரியவில்லை. அதற்கு யன்னல் மறைப்பு வந்தது. மூன்று அடுக்குக் கண்ணாடி, ஆர்கன், 23 பாகைக் கணக்கு எல்லாம் போட்டு வரவழைத்த பெப்ரவரி மத்தியானம் இப்போது மறைப்புக்கு வெளியே காத்துநிற்க, நாங்கள் உள்ளே தொடர் பார்க்கிறோம்.

21இல் நிற்கிற அறையில் ஆட்டிறைச்சிக் கறிச் சட்டி வைக்க முடியாது. ஆகவே பேஸ்மென்டுக்கு இரண்டாவது குளிர்ப்பெட்டி வந்தது. வருசத்துக்குச் சில கூட்டங்களுக்காக அது வருசம் முழுவதும் ஓடுகிறது. வடகம் காய நாற்பது பாகை இல்லை. மனைவி ஒன்லைனில் காயவைக்கும் மெசின் ஒன்று வாங்கினார், தட்டுத் தட்டாக இருக்கும், இரவு முழுவதும் இரையும். மாமி அதில் காய்ந்த மோர்மிளகாயைக் கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூடிய கூரையின் கீழ் ஏப்ரல் நாற்றுகள் ஒளி தேடி நெடுநெடுவென்று வளைந்தன. ஊதா நிறத்தில் எரியும் விளக்கு ஒன்று வந்தது. நியாயமாகச் சொன்னால் கறிவேப்பிலை மட்டும் செழித்திருக்கிறது. பழைய அறையில் நவம்பர் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடவேண்டும்.

செப்டம்பர் நண்பர்களும் குறைந்துவிட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. முன்பு, இந்தக் கிழமை விட்டால் குளிர் வந்துவிடும் என்று வருவார்கள். இப்போது எப்போதும் வரலாம். ஆகவே பிறகு வருகிறோம் என்கிறார்கள்.

வேலை முடிந்ததும் எரிசக்தி ஆலோசகர் மறுபடி வந்து விசிறி வைத்துப் பார்த்து, புது மதிப்பீட்டுத் தாள் தந்தார். வீட்டின் எரிசக்திப் பாவனையைக் காட்டும் எண் நன்றாக இறங்கியிருந்தது. எல்லோருக்கும் பெருமை. மகள் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, இந்த இறக்கத்தில் அறையின் பங்கு எவ்வளவு என்று கேட்டாள். மேல்கூரையும் ஓட்டை அடைத்ததும்தான் பெரும் பங்கு என்றார் அவர். அறை? அது வீட்டோடு புதிதாகச் சேர்ந்த பரப்பு. நன்றாகக் கட்டிய பரப்பு, ஆனால் சூடாக்கவேண்டிய பரப்பு. பேஸ்மென்டில் ஓடும் குளிர்ப்பெட்டி? அது கணக்கில் வராது. சராசரிக் குடும்பம் இவ்வளவு பாவிக்கும் என்று எல்லா வீட்டுக்கும் ஒரே அளவை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். நாங்கள் சராசரிக் குடும்பம் என்பதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. தாளைக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினோம். குசினிக் குளிர்ப்பெட்டியில்.

இந்த வசந்தத்தில் மனைவி கொன்றாக்டரை மறுபடி கூப்பிட்டார். கராஜுக்குப் பின்னால் நிற்கும் கண்ணாடிகளைக் காட்டி, தோட்டத்து மூலையில் சின்னதாக ஒன்று அடித்துத் தரமுடியுமா என்று கேட்டார். நாற்று வைக்க, வடகம் காயப்போட, பெருநாளுக்குச் சட்டி பானை வைக்க. ஹீட்டர் வேண்டாம், வயர் வேண்டாம், கதிரையும் வேண்டாம். மாமி வெளியே வந்து இடம் காட்டினார்.

தம்பி அளவெடுத்தார். பத்துச் சதுர மீற்றருக்குள் நின்றால் பெர்மிட் தேவையில்லை என்றார். கண்ணாடி இருப்பதால் கூலி மட்டும்தான் என்றார். அளவு நாடாவைச் சுருட்டிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, அக்கறையோடு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, கையோட கையா இதையும் நாலு சீசனாச் செய்து விடட்டோ?"